ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்

எங்கள் சபை ஆட்களுக்கு 'முடியாது' என்ற சொல் லேசில் வாயில் வராது. பெண் பார்க்க வந்த வரன் பிடிக்கவில்லையா, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க இஷ்டமில்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்." உண்மையாகவே முழங்கால் போடுகிறவர்களும் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. எனக்கு அது ஒரு பின்வாசல். கேட்டவர் அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை, 'இல்லை' என்று எடுத்துக்கொண்டாலும் கவலையில்லை. அப்போதைக்குத் தப்பித்தால் போதும்.

இந்தப் பின்வாசலைத் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வரைக்கும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அமீர்பேட்டையில் மூன்றாவது மாடியில் ஒரு அறை. எனக்குக் கச்சிபௌலியில் வேலை. காலையில் கம்பெனி பஸ். என்னோடு தங்கியிருந்தவன் என் ஊர்க்காரன், என் வயது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு மூன்று வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். என்னைவிட நன்றாகப் புரோகிராம் எழுதுவான், என்னைவிட நன்றாகச் சமைப்பான். வேலை மட்டும் எனக்குக் கிடைத்திருந்தது. நேர்முகத் தேர்வில் நான் அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டேன். வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனியும் இரண்டு வருஷ அனுபவம் கேட்டது. வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? ஆகவே, இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமேயில் எழுதுவது குழம்பில் உப்புப் போடுவது மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் தோசை வார்த்துக்கொண்டே அவன் கேட்டான்.

"ஏல, நீ முதல்ல வேலை பாத்தியே ஒரு கம்பெனி, அதைத்தான் மூடிட்டாம்லா?"

"மூடிட்டான். மேசையைக் கூட வித்துட்டான்."

"அங்கன ரெண்டு வருசம் உனக்குக் கீழ வேலை பாத்தேன்னு போட்டுக்கிடட்டுமா? யாராச்சும் போன் போட்டா, ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அம்புட்டுதான்."

அந்தக் கம்பெனியில் எனக்குக் கீழே இருந்தது ஒரு நாற்காலிதான். அதைச் சொல்லிச் சிரித்திருக்கலாம். அல்லது முடியாது என்று சொல்லியிருக்கலாம். தோசை முறுகலாக இருந்தது. "ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்" என்றேன். ஜெபம் பண்ணவில்லை. இன்னொரு தோசை கேட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவனுக்கு வேலை கிடைத்தது. அவனுடைய சந்தோஷத்தைப் பார்த்து நானும் குதித்தேன். பிறகுதான் சொன்னான்: "வெரிபிகேஷனுக்கு உன் நம்பரைக் கொடுத்திருக்கேன். நீதான் ஜெபம் பண்ணுதேன்னுட்டியே."

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் குஷாய்குடாவில் தமிழ் ஜெபக்கூட்டம். ஒரு அக்கா வீட்டில் நடக்கும். அவர் கணவருக்கு அங்கே அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை. அக்கா பிறந்ததே ஹைதராபாத்தில். அவர் தமிழில் பாதி அந்த ஊர் உருது: 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு. என் நண்பன் எழுந்து வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அக்கா என்னைப் பார்த்தார்.

"ஹவ், இதுக்கு நீதான் நன்றி ஜெபம் பண்ணணும் தம்பி."

"நான் எதுக்குக்கா? வேற யாராச்சும்..."

"நக்கோ நக்கோ. கைக்கு வெட்கம்? ஊரெல்லாம் சிரிக்க வைக்கிற வாய், சாமி முன்னாடி திறக்காதா?"

கண்ணை மூடினேன். இருபது பேர் தலை குனிந்து காத்திருந்தார்கள். பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளையை ஆறு வயதில் ஒப்பித்துப் பென்சில் டப்பா பரிசு வாங்கியவன் நான். இன்னும் சொல்லாத ஒரு பொய்யால் கிடைத்த வேலைக்கு, அந்தப் பொய்யைச் சொல்லப்போகிறவனே நன்றி செலுத்த வேண்டும். மழைக்காக ஜெபித்தேன். நாட்டை ஆளுகிறவர்களுக்காக, ரயிலில் பயணம் செய்கிறவர்களுக்காக, அக்கா வீட்டுக் கிரைண்டருக்காகவும் கூட ஜெபித்தேன். வேலையைத் தொடாமல் ஆமென் சொல்லி உட்கார்ந்தேன். அக்கா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவனிடம் சொன்னேன்.

"மக்கா, போன் வந்தா என்னால ஆமாம்னு சொல்ல முடியாது. நானா கூப்பிட்டு உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனா கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன். அதுக்கு முந்தி நீயே அவங்ககிட்ட சொல்லிரு. நானும் கூட வாரேன்."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "போலே! மூஞ்சியை எப்படி வச்சிருக்கான் பாரு!"

அவன்மேல் தப்பில்லை. போன மாதம்தான் ஒரு ஹெச்.ஆர். அம்மாவின் குரலில் பேசி, அவனை டை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நிற்க வைத்திருந்தேன். இரண்டு நாள் விடாமல் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும், "நல்லா நடிக்கல" என்றான். வருஷக்கணக்காகச் சிரிப்புக் காட்டியவன் ஒரு நாள் நிஜம் பேசினால் அதற்குக் கைதட்டுதான் கிடைக்கும்.

புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஆபீஸ் மாடிப்படிக்கு ஓடினேன். ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள்: அவர் உங்களிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்தாரா?

"இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குச் சட்டை நனைந்துவிட்டது. உடனே அடுக்கினேன்: அவன் கெட்டிக்காரன், என் புரோகிராமில் தப்பு வந்தால் அவன்தான் திருத்துவான், புதிதாகச் சேருகிறவனாக எடுத்துக்கொண்டால் நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள்.

"ஸாரி சார், அதை எழுத இந்த ஃபாரத்தில் இடமில்லை" என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் நானே சொன்னேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. வேலை இல்லை என்று அவனுக்கு ஏற்கெனவே ஈமெயில் வந்திருந்தது.

"எங்க அப்பாகிட்ட என்னலே சொல்லுவேன்? தெருவுக்கே சொல்லிட்டாரு."

"நான் பேசுதேன்."

"நீ பேசினது போதும்."

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். போனில் சொன்னதற்கு இல்லை; அதை மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்றும் சொன்னேன். "ஆனா உன்கிட்ட ஒரு பொய் சொன்னேன். தோசை சுட்ட அன்னைக்கு நான் ஜெபமே பண்ணல. அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா நீ இவ்வளவு தூரம் போயிருக்க மாட்ட." அவன் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அறையைக் காலி செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. அவன் முறை வந்தால் இரண்டு பேருக்கும் சமைப்பான். ஆனால் பேச மாட்டான். என்னைப் பட்டினி போட்டிருந்தால் நான் சத்தியத்துக்காக உயிர்விடும் ஒரு இரத்தசாட்சி என்று நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டிருப்பேன். அவன் நெத்திலிக் குழம்பு வைத்து அந்த வாய்ப்பையும் கெடுத்தான். நான் அவனுடைய ரெஸ்யூமேயில் உள்ளதை மட்டும் எழுதி, கச்சிபௌலியில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் கொடுத்தேன். அந்தத் தாள் பாதியாகக் குறைந்திருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனே தேடிக்கொண்டான். சட்டையில் மருந்து நெடியோடு வருவான். ஒரு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏல, உன்னை மோந்தாலே எனக்குக் காய்ச்சல் விட்டுரும்" என்றேன். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பேச்சு அப்படித்தான் திரும்பியது.

ஒன்றரை வருஷம் போனது. ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றான்.

"கச்சிபௌலியில ஒரு கம்பெனி வரச் சொல்லியிருக்கான். தெரிஞ்சவங்க நம்பர் ஒண்ணு கேக்கான். உன் நம்பரைத்தான் கொடுத்திருக்கேன்."

எனக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது.

"பயப்படாத. ஜெபம் கிபம் ஒண்ணும் வேண்டாம். உள்ளதைச் சொல்லு, போதும்."

போன் வந்தது. அதே மாடிப்படி. உள்ளதைச் சொன்னேன், சொல்ல நிறைய இருந்தது. கடைசியில், அவரிடம் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்கள்.

"கோபம் வந்தாலும் நல்லாச் சமைப்பான்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அதை எழுத ஃபாரத்தில் இடமில்லை சார்."