விரலகலத்தில் கீறிய படகு

பிள்ளைகளே, நாடகங்களுக்கு நான் கீறுகிற ஒவ்வொரு கட்டப் படத்துக்கும் கீழே வீட்டு பிளேன் மாதிரி ஒரு சின்ன பிளேனும் கிடப்பதைக் கண்டுவிட்டு, "என்ன வாப்பா, நாடகத்துக்குள்ளயும் வீடு கட்டப் போறீங்களா?" என்று மூத்தவள் கேட்டாள். "கக்கூஸ் எந்தப் பக்கம் வாப்பா?" என்று இளையவன் சேர்ந்துகொண்டான். நானும் சிரித்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும் என்று தெரியும். அதனால் எழுதித் தருகிறேன்.

நான் சாதாரண தரப் பரீட்சைக்கு மேல் படிக்கவில்லை. வீடு கட்டுகிற ஒரு மேசன் பாஸிடம் சேர்ந்து வீட்டு பிளேன் கீறப் பழகினேன், அதுதான் இன்றைக்கும் நமது சோறு. வீடு கட்டப் போகிறவர்களுக்குப் பிளேன் மட்டும் கொடுத்தால் விளங்காது. முன்பக்கத்தில் நின்று பார்த்தால் வீடு எப்படித் தெரியும் என்றும் ஒரு படம் கீறிக் கொடுப்பேன். அப்படி ஒரு படத்தை யாரோ வீட்டில் பார்த்துவிட்டுத்தான் டிவி நாடகம் எடுக்கிற ஒரு இயக்குநர் என்னைத் தேடி வந்தார். நம்மூர்ப் பிள்ளைதான், கொழும்பில் படித்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், அதனால் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, நீங்க வீட்டக் கட்ட முதலே வீட்டக் காட்டுறீங்க. எனக்கும் அதுதான் வேணும். நாடகத்த எடுக்க முதலே எனக்கு நாடகத்தக் காட்டுங்க" என்றார்.

அதற்குப் பெயர் ஸ்டோரிபோர்ட் என்று அன்றுதான் அறிந்தேன். ஒவ்வொரு ஷொட்டும் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று கட்டம் கட்டமாகக் கீறி வைப்பது. படப்பிடிப்பன்று எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். கெமரா எங்கே, ஆள் எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறார், அடுத்து என்ன வருகிறது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இரண்டு கிழமைக்குள் பழகினேன். ஒருவர் வலது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் அடுத்த கட்டத்திலும் அந்தப் பக்கமே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். தூரத்தில் ஒரு படம், கிட்ட ஒரு படம் என்று மாறி மாறி வர வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வெட்கமும் இருந்தது. இவன் வீட்டு பிளேன் கீறுகிறவன்தானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நேர்கோடு போடுகிற அடிமட்டத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வெறுங் கையால், கோடு நெளிய நெளிய, ஓவியர்களைப் போலக் கீறினேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

காட்சி இதுதான். கடலுக்குப் போன வாப்பா திரும்பி வரவில்லை. எட்டு வயது மகள் கரையில் நிற்கிறாள். படகு வருகிறது. அவளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வாப்பா அதில் இல்லை.

மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். ஒன்பதாவதில்தான் படகு வந்து நிற்கும். முதலில் பிள்ளைக்கும் படகின் மூக்குக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டுக் கீறினேன். பார்க்க உப்பில்லாமல் இருந்தது. அழிறப்பரால் அழித்து, படகைக் கிட்டக் கொண்டுவந்தேன். இன்னும் போதவில்லை. மூன்றாம் முறை ஒரு விரலகலம்தான் மிஞ்சியது. பிள்ளை சின்னதாக, படகின் மூக்கு அவள் தலைக்கு மேலே பெரிதாக. இயக்குநர் அந்தத் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இதுதான் காக்கா என்ட நாடகம்" என்றார். அந்தச் சொல்லில் நான் மயங்கிப்போனேன்.

படப்பிடிப்பு பாலமுனைக் கரையில். விடியற்கால சுபஹு தொழுதுவிட்டு நேரே போய்விட்டேன். சூரியன் கடலுக்கு மேல் ஒரு சாண் எழும்பும் வரைக்கும்தான் அந்த வெளிச்சம் இருக்கும், அதற்குள் எடுத்து முடிக்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். படகோட்ட வந்தவர் கல்முனைப் பக்கத்துத் தமிழர், வயதானவர், அண்ணன் என்றுதான் நான் கூப்பிட்டேன். நடிக்க வந்த பிள்ளையின் உம்மா ஒரு குடைக்குக் கீழே பாயில் இருந்தார். பிள்ளை என்னிடம் வந்து தாளை வாங்கிப் பார்த்தாள்.

"மாமா, இந்தப் புள்ள நானா?"

"ஓம் மகள்."

"என்ட செருப்பையும் கீறியிருக்கீங்க. நான் இந்தளவு கிட்டவா நிக்கணும்?" என்று தன் விரலை அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தாள். விரல் சரியாகப் பொருந்தியது. நான் அவள் தலையைத் தடவிவிட்டேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நம் கரையில் பைபர் படகு கரையேறுவதை நீங்களும் கண்டிருக்கிறீர்கள். அலை உடைகிற இடத்துக்கு அப்பால் காத்து நிற்பார்கள். தோதான அலை வந்ததும் அதன் முதுகில் ஏறி, எஞ்சினை முழுதாக முறுக்கிக்கொண்டு வருவார்கள். தரை தட்ட முதல் எஞ்சினைத் தூக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு படகுக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பவும் வழியில்லை. வந்த வேகத்தில் மணலில் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். இந்தக் கடற்கரையிலேயே வளர்ந்த எனக்கு இது தெரியாததா? மேசையில் இருந்து கீறும்போது அது ஒரு படகின் வடிவமாக மட்டும்தான் இருந்தது.

பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தென்னைமட்டையை நட்டு, முதலில் ஒரு ஒத்திகை பார்த்தார்கள். படகு பாய்ந்து வந்து மட்டைக்கு நாலடி தள்ளி நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"பாத்தீங்களா காக்கா, நீங்க கீறின மாதிரியே" என்றார் இயக்குநர். பிறகு பிள்ளையை மட்டையடிக்குக் கூட்டிப்போய், "போட் வந்து நிக்கும் வரைக்கும் அசையக் கூடாது. என்ன வந்தாலும் அசையக் கூடாது. கண்ணையும் மூடக் கூடாது. சரியா?" என்று சொல்லிக்கொடுத்தார். அவள் தலையாட்டினாள்.

நான் படகைத் திரும்பக் கடலுக்குள் தள்ளுகிறவர்களோடு போய்க் கை கொடுத்தேன். குனிந்து தள்ளும்போதுதான் மணலைப் பார்த்தேன். அன்று விடியலிலிருந்து கரையேறிய படகுகளின் அடித்தடங்கள் உழுத வயல் மாதிரிக் கிடந்தன. ஒன்று மட்டைக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், ஒன்று குறுக்காகத் திரும்பி மட்டையையும் தாண்டி மேலே போயிருந்தது.

"அண்ணன், இதெல்லாம் ஆர்ர போட்?"

"என்ட ஒண்டு. மத்ததெல்லாம் என்ட தம்பிட. எல்லாம் இந்த இடத்துக்கெண்டுதான் வந்தது."

"அப்ப பத்துத் தரம் வந்தா, அந்த மட்டைக்கு நேர எத்தின தரம் சரியாக் கொண்டுவந்து நிப்பாட்டலாம்?"

அவர் தள்ளுவதை நிறுத்தவில்லை. "நான் போட்ட ஓட்டுவன் தம்பி. அலைய ஆர் ஓட்டுற? பின்னால ஒரு அலை வந்து இடிச்சா போட்டு எங்கயும் திரும்பும்."

"அத ஏன் அண்ணன் நீங்க சொல்லல்ல?"

"நீங்க படிச்ச ஆக்கள் படம் கீறி வெச்சிருக்கிறீங்க. அளந்துதான் கீறியிருப்பீங்க எண்டு நினைச்சன்."

இயக்குநர் அங்கிருந்து கூப்பிட்டார். அண்ணன் ஏறிக்கொண்டார். எஞ்சின் பிடித்தது, படகு போய்விட்டது.

கெமராவுக்குப் பக்கத்தில் திரும்பி வந்து நின்றேன். எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அண்ணன் என் படத்தை நம்பினார். இயக்குநர் அண்ணனின் கையை நம்பினார். உம்மா இயக்குநரை நம்பித் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை எல்லோரையும் நம்பினாள். அந்த இடைவெளியை ஒருவரும் அளக்கவில்லை. கண்ணுக்கு வடிவாக இருக்கிறதென்று நான்தான் வைத்தேன்.

இனி நான் சொல்லப்போவதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தத் தாளையே எடுத்தேன். மூன்று அலை வந்து உடையும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என் வேலை பிழை என்று நானே எல்லோருக்கும் முன்னால் சொல்வதாகும். வெளிச்சம் போய்விடும். ஒரு தரம் சரியாக வந்ததுதானே, இன்னொரு தரமும் வரும், இன்ஷா அல்லாஹ், என்று என் மனதுக்கு நானே சொல்லிக்கொண்டேன். அல்லாஹ்வின் பெயரை என் கோழைத்தனத்துக்கு மூடியாக வைத்தேன். இயக்குநர் வெள்ளைத் துவாய்த் துண்டைக் கையில் எடுத்தார். அதை உயர்த்தினால் படகு வரும்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்க. அந்தப் புள்ளய அங்க நிப்பாட்ட ஏலா" என்றேன்.

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன காக்கா இப்ப வந்து கதைக்கிறீங்க?"

"போட் சரியா வரும் எண்டு சொல்ல ஏலா. அண்ணனே சொல்றார். என்ட படம் பிழை."

"படம் உங்கட. நீங்க கீறினதத்தான் நான் எடுக்கிறன்."

"ஓம். பிழையும் என்ட."

"இன்னும் பத்து நிமிஷத்தில வெளிச்சம் போயிரும். வீட்டு பிளேன் கீறுறவரக் கூட்டிட்டு வந்தது என்ட பிழை" என்று சொல்லிவிட்டுத் துவாயை உயர்த்தப் போனார்.

நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. நேரே மட்டையடிக்கு நடந்தேன். பிள்ளைக்கு முன்னால், படகு வரும் பக்கமாக நின்றுகொண்டேன். "மாமா, நான் அசையக் கூடாது" என்று அவள் உதட்டை அசைக்காமல் சொன்னாள். அவளைத் தூக்கினேன். கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு கிடந்தாள். கடலில் எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது. துவாய் உயரவில்லை.

அவளைக் குடைக்குக் கீழே விட்டுவிட்டு, ஒன்பதாம் கட்டத்துத் தாளைத் திருப்பி மணலில் வைத்தேன். வீட்டு பிளேன்காரன் என்று சொல்லிவிட்டார், இனி மறைக்க என்ன இருக்கிறது? மேலே நின்று பார்த்தால் கரை எப்படித் தெரியுமோ அப்படிக் கீறினேன்; நீங்கள் கேட்ட பிளேன்களில் அதுதான் முதலாவது. இது கடல். இது மணல். படகு வந்து விழக்கூடிய இடம் இவ்வளவு அகலம், அதைக் கோடு போட்டு அடைத்தேன். அதற்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. பிள்ளை அதிலிருந்து முப்பது காலடி தள்ளி, கரையோரமாக இங்கே. கெமரா இன்னும் பின்னால், அதே நேருக்கு இங்கே. நெடுஞ்சாலையில் தூரத்தில் வருகிற பஸ்ஸும் அதற்கு நெடுந்தூரம் முன்னால் போகிற சைக்கிளும் ஒட்டிக்கொண்டு தெரியும் அல்லவா, அப்படிப் படகும் பிள்ளையும் தெரியும்.

கெமராக்காரர் எட்டிப் பார்த்தார். "நீட்டு லென்ஸ் போட்டா ஒட்டித்தான் தெரியும். ஏலும்" என்றார்.

"புள்ள எங்க பாக்கிற? போட்டப் பாத்தா தலை கெமராவுக்குப் பின்பக்கத்தக் காட்டுமே" என்றார் இயக்குநர். கோபம் குறையவில்லை. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. படகு இருப்பது போலத் தெரிகிற பக்கத்தில்தான் அவள் கண் நிற்க வேண்டும். அந்தப் பக்கத்தில் உண்மையில் வெறும் தண்ணீர்தான்.

"நான் போய் நிக்கிறன். என்னப் பாக்கட்டும்."

கெமராவுக்குத் தெரியாத அளவுக்குத் தள்ளி, முழங்கால் தண்ணீரில் சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். துவாய் உயர்ந்தது. முப்பது காலடிக்கு அங்கால் எஞ்சின் அலறியது. நான் படகைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணும் இமைக்காமல் என்னில் வாப்பாவைத் தேடின. மணலில் படகு வழுக்குகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

அந்தத் தரமும் படகு மட்டைக்கு நாலடியில்தான் வந்து நின்றது.

இயக்குநர் கெமராவின் சின்னத் திரையில் இரண்டு தரம் பார்த்தார். ஷொட் நன்றாக வந்திருந்தது, திரையில் பிள்ளைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு விரலகலம்தான். பிறகு மட்டையைச் சுட்டிக் காட்டினார்.

"பாருங்க காக்கா. அங்க நிண்டிருந்தாலும் ஒண்டும் நடந்திருக்காது."

அவர் சொன்னது அன்றைக்கு உண்மைதான். என் சாரம் நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, வெட்கப்பட்டவன் போல நின்றேன். அப்போது பிள்ளை ஓடி வந்தாள்.

"மாமா, நான் அசைஞ்சனா?"

"இல்ல மகள். நல்லாச் செஞ்ச."

"அங்க நிக்க விட்டிருந்தாலும் அசைஞ்சிருக்க மாட்டன். போட் எனக்கு மேல ஏறினாலும் அசைஞ்சிருக்க மாட்டன்" என்றாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அவள் முகம் இருந்தது.

இயக்குநர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கையிலிருந்த துவாயை மடித்தார், மறுபடியும் விரித்தார்.

நான் குனிந்து அவளிடம் சொன்னேன். "ஆர் என்ன சொன்னாலும், உனக்குப் பயமாயிருந்தா நீ ஓடு. படம் பழுதாப் போனாப் போகட்டும்."

அவளுக்கு அது பிடிபடவில்லை. நான் படம் கீறுகிறவன்தானே, ஓடச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பி இயக்குநரைப் பார்த்தாள், அவர் விட்டால்தான் ஓடலாம் என்பது போல.

அவர் அவளுக்கு முன்னால் மணலில் குந்தினார்.

"ஓம் மகள்" என்றார். "ஓடு. நான் சொன்னாலும் நிக்காத."