பொலித்தீன் பையில் வீட்டுப்பாடம்

கண்டியில் நான் படித்த சின்னக் கல்லூரியில், ரேடியோ திருத்தும் வகுப்புக்கு வந்த ஒரே பெண் அவர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நடந்து வருவார். யுத்த காலம். வயரும் பற்றரியுமாகச் சோதனைச்சாவடியில் அகப்பட்டால் தமிழருக்கு என்ன ஆகும் என்று தெரியும். நாங்கள் புத்திசாலிகள், வயரும் பற்றரியும் பொருத்திவர வீட்டுப்பாடமாகத் தந்த பலகைகளைக் கல்லூரி அலுமாரியிலேயே பூட்டிவிட்டுப் போவோம். அவர் மட்டும் தன்னுடையதை, உள்ளே இருப்பது தெரியும் பொலித்தீன் பையில் போட்டுக் கையில் தூக்கிப் போவார்.

ஒருநாள் சாவடியில் ஆமிக்காரர்கள் அவரை மறித்து, பொழுது சாயும்வரை வைத்திருந்தார்கள். மறுநாளும் அதே பையோடு வந்தார்.

"என்னக்கா கேட்டாங்க?" என்றேன்.

"இது என்னான்னு கேட்டாங்க. வீட்டுப்பாடம்னேன். நம்பல. அங்கேயே உக்காந்து செஞ்சு முடிச்சேன்."

அன்று மாஸ்டர் கேட்டபோது வீட்டுப்பாடம் முடித்திருந்தவர் அவர் ஒருவரே. எங்களுடையவை அலுமாரியில் பத்திரமாக இருந்தன.