இருமினால் பிளேக்கா?

புலம்பெயர்ந்து வந்து, டோர்செட் பார்க்கில் நானும் கணவரும் சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். இந்தியாவில் பிளேக் என்று ரிவியில் காட்டிய நாட்களில் எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது. நாங்கள் யாழ்ப்பாணம் என்றாலும், பயந்தவர்களுக்கு எங்கள் நிறமே போதுமாக இருந்தது.

ஒரு மத்தியானம் கடையின் பின்பக்கம் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். புகை ஏறி, முன்னால் நின்ற கணவர் இருமினார். ரோல்ஸ் வாங்க வந்த வெள்ளைக்காரர், நோயைக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு ஓடினார். மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றார். கடையை மூடிவிடுவார்களோ என்று பயந்தேன்.

"இனித் தூளைப் பக்கற்றிலை வாங்குவமப்பா," என்றார் கணவர்.

"ஏன், நாங்கள் என்ன களவே செய்தனாங்கள்?"

பயம் போய் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பரிசோதகருக்கு முன்னாலேயே தாச்சியை அடுப்பில் வைத்து, இரண்டு கை மிளகாயைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணீர் வழிய இருமத் தொடங்கினார்.

"உங்களுக்கும் பிளேக்கா?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். இருமலுக்கு நடுவே அவர் சிரித்துவிட்டார். கடையில் ஒரு குறையும் இல்லையென்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்பு, தெருவுக்கு மணக்கக் கூடாதென்று பின்கதவை மட்டும் திறந்து வறுப்பேன். இப்போது முன்கதவையும் அகலத் திறந்து வைத்து வறுக்கிறேன். இருமுகிறவர்கள் இருமட்டும்.