வியாழக்கிழமை வரை

அகலப் பட்டை வைத்த பெண்கள் சிலிப்பர், ஒரு ஜோடி. சாம்பல் நிறம், பட்டையை ஒட்டவும் பிரிக்கவும் முடியும். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி எங்கள் அலுவலகத்துக்கு நடந்து வரும் வழியில், பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைக் கடை ஒன்றில் அதை வாங்கியிருந்தார், கேரி தீவிலிருந்து வந்திருந்த ஓர் அங்கிள். கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர், பத்திரங்கள் இருந்த கோப்பை என்னிடம் நீட்டுவதற்கு முன்னால் அதைத்தான் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். "கட்டுப் போட்ட காலுக்கு இது சரியா வரும்லம்மா?" என்று கேட்டார். வரும் என்றேன். அவருக்கு நான் சொன்ன முதல் பதில் அது. இரண்டாவது பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பட்டதாரிப் பயிற்சியாளர். புள்ளியியல் படித்துவிட்டு, கிள்ளானில் ஒரு கைப்பேசிக் கடையில் ஒன்றரை வருடம் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த இடம் கிடைத்ததே பெரிது. டேட்டா அனலிடிக்ஸ் என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது. ஆனாலும் எங்கள் ஊர் மேரு கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "மகளுக்கு கேஎல் ஆபீஸ்" என்று சொல்லி முடித்திருந்தார். லோரி ஓட்டி ஓட்டி முதுகு போய், அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பயிற்சியில் நாங்கள் ஒன்பது பேர். பதினெட்டு மாதம் முடிந்ததும் மூன்று பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்ற எட்டுப் பேரும் என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசினார்கள். காலையில் கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டு வரும்போது, அந்தக் கைப்பேசிக் கடையின் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நான் மறுபடியும் நிற்பது கண்ணில் தெரியும்.

கடைசித் தேர்வு என்பது ஆளுக்கொரு வேலைத்திட்டம். என்னுடையது, சந்தேகத்துக்குரிய மருத்துவக் கோரிக்கைகளைக் கணினி தானாகப் பிடித்து நிறுத்துவது. பல விதிகள் எழுதினேன். அதில் ஒன்று: ஒரே முகவரியிலிருந்து குறுகிய காலத்தில் ஐந்து பேருக்குமேல் மருத்துவச் செலவு கோரினால், மனிதர் ஒருவர் சரிபார்க்கும்வரை அது நிற்கும். மேலாளருக்கு விதி ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு வாரம் நிஜக் கோரிக்கைகளிலேயே ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றார். வலையில் மீன் குவிந்தது. நிறுத்தப்பட்டவற்றில் பாதிக்குமேல் ஒரே முகவரி. வரைபடத்தில் அதைச் சிவப்புப் பட்டையாகப் போட்டு ஸ்லைடும் தயாரித்துவிட்டேன். வியாழக்கிழமை மேலதிகாரிகள் முன்னால் பேச வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை கீழ்த்தளத்துக் கவுண்டர் அக்கா என்னைக் கூப்பிட்டார். யாரிடமும் சிரிக்காத, கணினியைத் தட்டியே பாதி வாழ்க்கையைக் கழித்த அக்கா. அவருக்கு எதிரே அங்கிள் உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு இனிப்பு நீர், சர்க்கரை முற்றிக் காலில் புண். கிள்ளான் தனியார் மருத்துவமனையில் இரண்டு விரலை உடனே எடுக்கவேண்டும் என்றார்களாம். செலவை ஏற்கிறோம் என்று காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வராமல் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றார்களாம். அக்கா திரையை என் பக்கம் திருப்பினார். நிறுத்தி வைத்திருந்தது என் விதி. முகவரி, கேரி தீவில் பத்து வயதுவரை நான் வளர்ந்த செம்பனைத் தோட்டம்.

அங்கே யாருக்கும் வீட்டு எண் போட்டுக் கடிதம் வராது. எல்லாத் தபாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். நூறு வீட்டுக்கும் ஒரே முகவரி. எங்கள் வீட்டுக் கடிதத்தை நானே ஓடிப்போய் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவள், திரையில் அந்த வரியைப் பார்த்து மோசடிக் கும்பல் என்று நினைத்திருக்கிறேன். படிப்பு ஏறியதும் புத்தி இறங்கிவிட்டது போலிருக்கிறது.

அக்கா என்னைத் தனியாக அழைத்துப் போய், மேலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கே கடிதம் போய்விடும் என்றார். எனக்கும் தெரியும். சொன்னால் அந்த முகவரியில் நின்றவை எல்லாம் வெளியே போகும். சிவப்புப் பட்டை போய்விடும். ஒன்பது பேரில் தப்பாக விதி எழுதியவள் நான்தான் என்று ஆகும். "வியாழக்கிழமை முடியட்டும்க்கா, உடனே எடுத்துர்றேன்" என்றேன். அக்கா என்னையே பார்த்தார். "ரெண்டு நாள்லா," என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்தபோது அங்கிள் எழுந்து நின்றார். வயதில் பெரியவர் என் முன்னால் எழுந்து நின்றது இன்றும் உறுத்துகிறது. "வராதுன்னா வராதுன்னு சொல்லிருங்கம்மா. நான் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிர்றேன்" என்றார்.

"வந்துரும் அங்கிள். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்றேன்.

அவர் நம்பினார். சிலிப்பரைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை நன்றாகப் பேசினேன். கைதட்டினார்கள். மத்தியானம் மேலாளரிடம் தனியாகப் போய், தோட்டத்து முகவரிகளை விதியிலிருந்து விலக்கவேண்டும் என்று, புதிதாகத் தோன்றிய யோசனை போலச் சொன்னேன். களநிலவரம் தெரிந்த பெண் என்று அதற்கும் ஒரு பாராட்டு. அன்று சாயங்காலம் கடிதம் போயிற்று. மூன்று இடங்களில் ஒன்று எனக்குக் கிடைத்தது. அப்பா அழுதார். நானும் அழுதேன், அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, மீதிப் பத்திரங்களைக் கொடுக்க அங்கிள் வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. கடிதத்தை விடுவித்தது மேல்மாடிப் பெண்தான் என்று அக்கா சொன்னதாகவும், எனக்காகப் பறித்து வந்ததாகவும் சொன்னார். அக்கா எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, தெரியாது. அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆன்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"காய்ச்சல் வந்து வெஷம் ஏறிருச்சும்மா. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. உசுரு இருக்குல்ல, அது போதும்" என்றார். பிறகு, நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, "அந்தச் சிலிப்பரு ஒத்தக் காலுக்குப் போட்டுக்கிறா. இன்னொண்ணைத் தூக்கிப் போட விடமாட்டேங்கிறா" என்றார்.

அந்த இரண்டு நாளால்தான் கால் போயிற்று என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. கீரையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வாய் திறந்து, நன்றி அங்கிள் என்றேன்.

போன மாதம் புதிய பயிற்சியாளர்களுக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். இந்தத் துறைக்கு எப்படி வந்தேன் என்பதுதான் தலைப்பு. சிவப்புப் பட்டை ஸ்லைடைக் காட்டினேன். நீங்கள் செய்த பெரிய தவறு என்ன என்று ஒரு பெண் கேட்டாள். அடையாள அட்டை எண்களின் முன்னால் இருந்த பூஜ்யங்களை ஒருமுறை அழித்துவிட்டேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி வந்து, நாள் முழுதும் கடித்த காலணியைக் கழற்றினேன். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் மேசைக்கடியில் ஒரு ஜோடி சிலிப்பர் வைத்திருப்போம். அதைக் காலால் துழாவியபோது அந்தச் சாம்பல் நிறச் சிலிப்பர் நினைவுக்கு வந்தது. தேயாத அந்த ஒன்று இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறதா, தெரியவில்லை. போய்ப் பார்த்ததில்லை. முகவரி தெரியாமல் இல்லை. என் பிறப்புப் பத்திரத்திலும் அதே முகவரிதான் இருக்கிறது.