அம்சவள்ளிக்கு மூன்று முழம்

யாரைப் பார்த்தாலும் இருதயநாதன் முதலில் பார்ப்பது வேட்டி ஓரத்தைத்தான். பிரிந்து தொங்கும் நூல் கண்ணில் பட்டால், "அசையாதீங்க" என்று உருவி, இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நான் சிலேட்டு தூக்கிய நாளிலிருந்து அடுத்த வீட்டுக்காரர். என் துணிகளில் உருவியதை வைத்தே இதற்குள் ஒரு கைக்குட்டை நெய்திருக்கலாம்.

வரதராஜன்பேட்டைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார். சாயங்காலம் பிள்ளைகள் போனதும், கண்ணாடிக் குழாயில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி, ஒரு நூலை உள்ளே தொங்கவிட்டு, பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி உட்காருவார். நூல் எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு பருக்கிறது என்பதுதான் அவருக்குச் சினிமா. "பாருங்க தம்பி, உப்புறான்... உப்புறான்!" என்று பூதக்கண்ணாடியை நீட்டுவார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், படித்ததும் ரசாயனம்தான். வேலைக்கு மனுப் போடுவதற்கல்லாமல் வேறு எதற்காவது அதைத் தொட்டேனா என்று அப்போது உறைக்கும்.

சென்ற வருடம், சோடாவில் நனைத்தால் பருத்தி பட்டாக மின்னும் என்று இலையூர் நெசவுக்கார அம்சவள்ளியிடம் சொல்லிவிட்டார். யுத்தத்தால் நூல் அளந்துதான் கிடைக்கும் காலம். மகள் கல்யாணப் புடவைக்காக மிச்சம் பிடித்த நூல் சிட்டங்களை அவள் நம்பி நனைத்தாள். மின்னத்தான் செய்தது. ஆனால் இவர் குழாயில் நூலின் முனையில் ஒரு சாவி தொங்கும். அந்தக் கனம் நூலை அதிகம் சுருங்க விடாது. சாவியைச் சொல்ல மறந்துவிட்டார். அவள் சிட்டத்தைச் சும்மா அமிழ்த்திவிட்டாள். பன்னிரண்டு முழம் வரவேண்டிய புடவை ஒன்பதில் நின்றுவிட்டது.

"எம்பொண்ணு என்ன, பாவாடை கட்டிக்கிட்டா மணவறைக்குப் போவா, வாத்தியாரே?"

"கடையில முழுப் பொடவை எடுத்துத் தரேம்மா."

"கடைப்பொடவை எவளுக்கு வேணும்? நீங்க சொன்ன மினுமினுப்புலயே தாங்க!"

அன்றிலிருந்து தெருவில் எதிர்ப்பட்டால் அவள் பேசுவதில்லை. முழங்கையை நீட்டி மூன்று முறை காற்றை அளந்துவிட்டுப் போவாள்.

இந்த வாரம் புது நூலோடு பள்ளிக்கே வந்துவிட்டாள். "தையில கல்யாணம். இதுவும் கெட்டுப்போச்சுன்னா அப்புறம் நூலுக்கு எங்க போவேன்?"

சிட்டத்துக்காக இருதயநாதன் கையை நீட்டினார். அவள் அதை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஒரே ஒரு இழையை உருவி நீட்டினாள்.

"மூணு மொழம் பாக்கி இருக்கு. மறந்துடாதீங்க."

அவர் அதன் முனையில் சாவியைக் கட்டிக் கரைசலுக்குள் இறக்கினார். குழாய்க்கு வெளியே நின்ற மறுமுனையை அம்சவள்ளி தன் ஆள்காட்டி விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவர் ஸ்கேலைப் பார்த்து, "சுருங்கலம்மா" என்று சொன்ன பிறகும் விடவில்லை.