தாழ்ப்பாளுக்குச் சுற்றிய துணி

துணிக்கலை படிப்பதற்குக் கண்ணும் கையும் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு முதலில் வேலை செய்தது காது. வயது முப்பத்துமூன்று. அரியலூரில் வாடகை வீடு, பெரம்பலூரில் படிப்பு, நடுவில் பஸ். நாளைக் காலையில் கடைசி வேலைப்பாட்டை ஒப்படைக்க வேண்டும். கணவரும் மகளும் ஹாலில் தூங்குகிறார்கள். பிள்ளை தூங்கிய பிறகு மட்டுமே ஊசியைத் தொட முடிந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. எனக்கு மட்டுமா இப்படி என்று ராத்திரியில் விழித்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆடி மாதச் சத்தம்

வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரம். என் வீட்டுக்காரருக்கு சிமென்ட் ஆலையில் நைட் ஷிப்ட். நானும் மகள் யாழினியும்தான் வீட்டில். மணி பதினொன்று இருக்கும், உள் ரூம் பக்கம் 'பொப்... பொப்பொப்...' என்று ஒரு சத்தம். வெறுங்கையால் தட்டுகிற சத்தம் இல்லை. யாரோ கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கதவைத் தட்டுகிற சத்தம். நிற்கும். நான் மூச்சு விட்டதும் மறுபடி வரும். கான்வென்ட்டில் மனப்பாடம் செய்த ஜெபங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அரிவாள்மனையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். உள் ரூம் கதவின் தாழ்ப்பாளுக்கு நான் துணி சுற்றி வைத்திருந்தேன். அந்தத் தடிமனில் கதவு சரியாகச் சேராது. ஆடிக் காற்றில் அது ராத்திரி முழுக்க நிலையில் போய் மோதிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் என் மடியிலிருந்த அரிவாள்மனையை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னார்: "ஏன்டி, திருடன் கையில துணிய சுத்திகிட்டு மெதுவா தட்டுவானா? கொழந்த எந்திரிச்சிடப் போவுதுன்னு?"

ஏன் சுற்றினேன்

எங்கள் வீட்டில் துணி சுற்றாத முனையே கிடையாது. மேசை முனை, கட்டில் கால், ஜன்னல் கொக்கி, மாடிப்படியில் துருத்திக்கொண்டிருக்கும் கம்பி, எல்லாவற்றிலும் பழைய சேலைக் கரை, பாவாடை நாடா, தலையணை உறையின் ஓரம். பயம் வருகிறபோதெல்லாம் ஒரு துண்டு கிழித்துச் சுற்றி முடிச்சுப் போடுவேன். பயம் கொஞ்சம் குறையும். வேறொரு முனை கண்ணில் படும்.

ஆரம்பித்தது ஒரு மத்தியானம். யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. உள் ரூமுக்குள் போனவள், கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள். முக்கால் மணி நேரம் கதவுக்கு வெளியே நான் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்து நின்றபோது, தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தது. உள்ளே தாழ்ப்பாள் அது பாட்டுக்குத் திறந்தது. வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா அழுவுற? நீ வெளிய மாட்டிக்கிட்டியா?"

அம்மா குரல்

வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. பாடம் நடத்தும் ரஹ்மத் மேடத்துக்கே இருபத்தேழுதான். நான் அவரை மேடம் என்பேன், அவரும் என்னை மேடம் என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று தெரியாது.

திவ்யா என்று என் பக்கத்தில் உட்காரும் பெண். மூன்று நாள் தொடர்ந்து லேட். வீட்டிலிருந்து அம்மாவைப் பேசச் சொல் என்று மேடம் சொல்லிவிட்டார். இடைவேளையில், அவள் அம்மா மாதிரிப் பேசச் சொல்லி போனை என் கையில் திணித்தாள். பொய் சொல்ல வராது, கான்வென்ட்டில் படித்தவள், குரல் நடுங்கும் என்றேன். அதற்கும் வழி வைத்திருந்தாள்: "அக்கா, நீங்க பேசவே வேணாம். போன காதுல வச்சு எப்பவும் விடுற மாதிரி ஒரு பெருமூச்சு விடுங்க, மேடம் நம்பிடுவாங்க."

வற்றாத கடல்

டிப்ளமோ கிடைக்க ஒரு கடைசி வேலைப்பாடு செய்ய வேண்டும். கூடவே, அது உங்களுக்குள் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்த ஒரு பக்கம்தான் எனக்கு எமன். கல்யாணத்துக்காக பி.எஸ்ஸி.யை இரண்டாம் வருஷத்தோடு விட்டவள் நான். இதையும் விட்டால், 'பாதியில் விடுகிறவள்' என்று ஊர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் எனக்குள் இருந்து என்ன வரும்? இட்லி மாவு தீர்ந்துபோச்சு என்பது வரும்.

அரியலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது, மண்ணைத் தோண்டினால் கல்லாகிப்போன சிப்பி கிடைக்கும், சுருண்டு சுருண்டு அழகாக இருக்கும். முதல் வரைவு கொடுக்கும் நாளில் வகுப்பில் பாதிப் பேர் அந்தச் சிப்பியைத்தான் வரைந்திருந்தோம். நான் நீலத்தில். திவ்யா தங்க ஜரிகையில். மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்: "யா அல்லாஹ்! ஊர்லயே கடல் வத்திப் போயிடுச்சு, என் டேபிள்ல மட்டும் இன்னும் அலை அடிக்குதே."

பாடாலூர்ப் பருத்தி

தை மாதம், வகுப்பு சீக்கிரம் விட்ட ஒரு நாள், திருச்சி பஸ் ஏறிப் பாடாலூரில் இறங்கினேன். பருத்தி வெடித்து நிற்கும், பார்த்தால் மனதில் ஏதாவது தோன்றும் என்று நினைப்பு. ரோட்டில் லாரி போகிற வேகத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, யாழினியை ஸ்கூலிலிருந்து கூப்பிட நேரத்துக்குப் போய்ச் சேருவேனா என்பதுதான். இருந்தாலும் ஒரு பருத்திக் காட்டோரம் போய் நின்றேன்.

பழைய சேலையை முன்னால் மடியாகக் கட்டிக்கொண்டு ஓர் அம்மா பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். "யாரும்மா நீ? கணக்கெடுக்க வந்தியா?" என்றார். "இல்லங்க, துணி சம்பந்தமா படிக்கிறேன். சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றேன். "பாத்து?" "பாத்தா மனசுல ஏதாவது தோணும். அத வச்சு ஏதாவது செய்வோம்." அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எனக்கு முப்பது வருசமா பாத்துப் பாத்து இடுப்பு வலிதான் தோணுது. நீயும் மடியக் கட்டி ரெண்டு வரிசை எடு, தானா தோணும்."

எடுத்தேன். அரை வரிசையிலேயே தோன்றிவிட்டது. அவர் சொன்னதே தோன்றியது.

சிஸ்டரின் கவலை

பருத்திக் காயின் உருவத்தைத் துணியில் தைத்துப் பார்த்த ராத்திரி ஊசி விரலில் ஏறியது. துணியை அவசரமாகத் தள்ளி வைத்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டபோது பழைய ஞாபகம். ஆறாம் வகுப்பில், தையல் நேரத்தில், இதே விரல். அழுதுகொண்டே சிஸ்டரிடம் கையை நீட்டினேன். சிஸ்டர் பதறிப்போய் ஓடி வந்தார். வந்து, என் மடியிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேளை, துணியில ரத்தம் படல."

ஸ்கூல் லீவு

மாசிக் கடைசியில் ஒரு நாள், யாழினிக்கு ஸ்கூல் லீவு. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மேடத்திடம் கேட்டுக்கொண்டு அவளையும் வகுப்புக்குக் கூட்டிப் போனேன். மற்றவர்கள் நூல் கோத்துக்கொண்டிருந்தார்கள். நான் பையிலிருந்து துணித் துண்டுகளை எடுத்து, அவள் உட்காரப்போகும் மேசையின் நாலு முனையையும் சுற்றினேன். அலமாரி சாவி துருத்திக்கொண்டிருந்தது, அதைச் சுற்றினேன். தறிச் சட்டத்தில் ஓர் ஆணி. கத்தரிக்கோலின் மூக்கு. "அக்கா, அப்படியே திவ்யாவோட வாயையும் சுத்திடுங்க" என்று பின்னால் யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

சிரிப்பு சட்டென்று நின்றது. திரும்பினால் ரஹ்மத் மேடம். அவர் சாவியைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், மேசை முனையில் நான் போட்டிருந்த முடிச்சை விரலால் தடவினார். கல்லூரிப் பொருளை நாசம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். "சாரி மேடம், கொழந்தைக்காக... இப்பவே எடுத்துடறேன்" என்று முதல் முடிச்சில் கை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவுக்காதீங்க மேடம். வீட்ல இன்னும் எத்தனை இருக்கு?"

அழகான நகல்

வீட்டில் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. அவற்றைத்தான் வேலைப்பாடாக வைக்க வேண்டும் என்றார் மேடம். அதெப்படி அவிழ்ப்பது? ஒவ்வொன்றுக்குக் கீழேயும் ஒரு முனை பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருக்கிறதே. வீட்டில் இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று டவுனில் புதுத் துணி வாங்கி, மரக்கட்டைகளுக்கு அதே மாதிரி சுற்றி, நிறத்துக்கு நிறம் பொருத்தி, ஒரு வாரத்தில் நாற்பத்து மூன்றும் செய்துகொண்டு போனேன்.

மேடம் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. கடைசியில் ஒன்றைக் கையில் எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். "ரொம்ப அழகா இருக்கு மேடம். ஆனா இதுல யாரும் பயப்படல."

கடைசித் துணி

இந்த ஒரு வாரமாக அவிழ்த்தேன். கட்டில் காலில் சுற்றியதில் யாழினியின் பல் தடம் இருந்தது. அடுப்படிக் கொக்கியில் மஞ்சள் கறை. மாடிக் கம்பியில் இருந்தது வெயிலில் வெளுத்து என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. சில முடிச்சுகளில் நானே மாட்டிக்கொண்டேன்; அவ்வளவு இறுக்கம். அவிழ்த்த ஒவ்வொன்றையும், சுற்றியிருந்த வடிவம் குலையாமல் அட்டைப் பெட்டியில் வைத்தேன். நாற்பத்திரண்டு ஆயிற்று. உள் ரூம் தாழ்ப்பாள் மட்டும் மிச்சம்.

இன்று சாயங்காலம் அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். கை போகவில்லை. யாழினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது எதுக்கும்மா கட்டியிருக்கு?" என்றாள். அவளுக்கு அந்த மத்தியானம் ஞாபகமே இல்லை. மூன்று வருஷம் நான் மட்டும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். "நீ உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "தொறக்க சொல்லிக் குடுத்தா போதுமே."

அவிழ்த்தேன். தாழ்ப்பாள் வெறுமையாக, பளபளவென்று, ரொம்பச் சின்னதாக இருந்தது. இப்படித் தள்ளு, இப்படி இழு, சிக்கினால் கதவைக் கொஞ்சம் அழுத்திவிட்டு இழு. பத்துத் தடவை செய்ய வைத்தேன். ஒன்பதாவது தடவையே அவளுக்குச் சலித்துவிட்டது. "போதும்மா, இப்ப உன் டர்ன்" என்று என்னை உள்ளே தள்ளினாள். நான் உள்ளே போனேன், கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாளைத் தள்ளினேன். அது சத்தமே இல்லாமல் துளைக்குள் போனது. வெளியிலிருந்து குரல் வந்தது: "அம்மா, போட்டுட்டியா? பயமா இருந்தா சொல்லு, நான் இங்கதான் இருக்கேன்."

கலை எங்கிருந்து வரும் என்று பாடாலூர் வரைக்கும் பஸ் ஏறித் தேடிய நான், அது மூன்று வருஷமாக என் வீட்டிலேயே இடுப்பு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டு, மேடம் கேட்ட அந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்காக இப்போது உள் ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவசரமென்றால் மட்டும் தட்டுங்கள்.