கம்சாயினியின் சிவப்புப் பெட்டி

நாவற்குடாவில் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு இணையத்தளம் கட்டுகிறவள் கம்சாயினி. கம்பனி செய்த வெள்ள எச்சரிக்கைத் தளத்தில் ஒரு பகுதி அவளுடையது. குளத்தின் வான்கதவு திறக்கப்போகிறது என்றால் பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பெட்டி தோன்றும். அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லியே ஊரை அலுக்க வைத்தவர் அவளுடைய அப்பா கோணாமலை.

தளத்தின் நிறமும் அளவும் ஸ்டைல்ஷீட் என்ற கோப்பில் இருக்கும். வெளியிடுமுன் பிளகின் என்ற துணை நிரல் ஒன்று அதை அலசி, எந்தப் பக்கமும் பயன்படுத்தாத வரிகளை வெட்டி எறியும். ஆங்கிலப் பக்கங்கள் அதன் கண்முன்னே இருந்தன. தமிழ் அறிவித்தல்களோ வேறிடத்திலிருந்து பின்னால் வந்து சேருபவை. ஆகவே தமிழுக்கான சிவப்புப் பெட்டி அதற்குக் குப்பை. கம்சாயினி இதைக் கவனித்து, அந்த வரிகளைத் தொடாதே என்று விதி எழுதிவைத்தாள்.

கோப்பு பெருத்துவிட்டதென்று அந்த விதியை நீக்கினான் குழுத் தலைவன் டினேஷ். அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். இந்த மகராசனோ, அவள் போட்ட அணையைப் பிடுங்கியவன்.

தை மழை பிடித்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல் வட்டையில், கோணாமலையின் நெல் மூட்டைகள் கிடந்தன. பக்கத்து வயற்காரர் அழகரத்தினம் உழவு இயந்திரத்தோடு வந்தார்.

“கோயில் ஸ்பீக்கரில சொல்லிட்டாங்க அண்ணன். மூட்டைய ஏத்துங்க.”

“போன்ல என்ட மகள்ட தளத்தில சிவப்பு வரட்டும். மறுகா ஏத்துவம்.”

அறிவித்தல் வந்துதான் இருந்தது, ஆனால் பெட்டியின் வரிகள் வெட்டுப்பட்டதால் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், கறுப்பாக. பெட்டியைப் பார்த்திருப்பார் என்று மகளும் நம்பியிருந்தாள். விடிந்தபோது ஒரு போகத்து நெல் முழுவதும் தண்ணீருக்குள்.

அவள் டினேஷைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“தமிழ்ப் பக்கத்தத் திறந்து பாத்தீங்களா?”

“நானும் தமிழன்தான் கம்சாயினி, ஆனா எனக்குத் தமிழ் வாசிக்க ஓடாது. இங்கிலீஷில வடிவா வந்திச்சே.”

அவள் தொலைபேசியை வைத்தாள்.

வீடு திரும்பிய கோணாமலை ஈரச் சாரத்தோடு குந்தியிருந்தார். “கண்ணாடி ஒண்டு போடோணும் புள்ள. சிவப்பு எனக்குத் தெரியல்ல.”

“உங்கட கண்ணில பிழையில்ல அப்பா. பெட்டி வரவேயில்ல.”

அவர் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அத வெளியில சொல்லிராத. ஆரும் கேட்டா அப்பாக்குக் கண் மங்கல் எண்டு சொல்லு.”

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த கிழமையே, ஊர் பார்க்க, கண் கிளினிக்கில் போய் வரிசையில் நின்றார்.